காத்திருக்கக் கூடியவர்களின் பணம்

ஈரோட்டிலோ திருப்பூரிலோ கோவை காந்திபுரத்திலோ, கிளம்பத் தயாராக நிற்கும் அரசுப் பேருந்தின் அருகே நீதிமன்ற அமீனா ஒருவர் வந்து நிற்பார். கையில் உத்தரவு இருக்கும். அதை முன்கண்ணாடியில் ஒட்டியதும் பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி அடுத்த வண்டியைத் தேடுவார்கள். நடத்துநர் டிப்போவுக்குப் போன் போடுவார். வண்டி அதன் தடத்தை விட்டு நீதிமன்ற வளாகத்துக்குப் போய்ச் சேரும். விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தராததால் அரசுப் பேருந்து ஜப்தி என்று மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வரும். கொங்கு மாவட்டங்களில் இந்தச் செய்தி பழகிப் போய்விட்டது. ஊரையும் தொகையையும் மட்டும் மாற்றி அச்சிட்டால் போதும் என்கிற அளவுக்குப் பழக்கம்.

ஆனால் வியப்பதற்கு அதில் ஒன்று இருக்கிறது. டி.வி.எஸ். வண்டி ஓட்டும் மில் தொழிலாளிகூட மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது. அரசுப் போக்குவரத்துக் கழகம் இறங்கலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு அப்படி ஒரு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. சும்மா கொடுத்துவிடவில்லை. தன் வண்டிகளால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டவென்றே கழகம் ஒரு தனி நிதியை உண்டாக்க வேண்டும், உண்டாக்கியதோடு நில்லாமல் அதைப் பராமரித்தும் வர வேண்டும். இந்த நிபந்தனை நிறைவேறினால்தான் விலக்கு. காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகவேண்டிய பிரீமியம் மிச்சமாகும், அந்த மிச்சம் அடிபட்டவருக்காக ஓரிடத்தில் பத்திரமாக இருக்கும் என்பது சட்டம் போட்டுவைத்த கணக்கு. பிரீமியம் மிச்சமானது உண்மை. நிதி அதன் வேலையைச் செய்திருந்தால் அமீனாவுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை இருந்திருக்காது.

ஒரு காரியத்துக்கென்று எடுத்து வைத்த பணம் வேறு காரியத்துக்குப் போய்விட்டது என்றால் நம் மனம் உடனே திருடனைத் தேடும். இங்கே அப்படி ஒருவர் அகப்படுவது கடினம். பணம் யாருடைய பங்களாவாகவும் மாறவில்லை. டீசலாக, டயராக, இந்த மாதச் சம்பளமாக மாறியிருக்கிறது. நாளைக் காலை ஐந்தரை மணிக்கு உக்கடத்திலிருந்து வண்டி கிளம்பியாக வேண்டும் என்கிற கட்டாயம்தான் பூட்டைத் திறந்தது. அந்த வண்டியில் போகப்போவதும் பூ விற்பவரும் கட்டட வேலைக்குப் போகிறவரும் பள்ளிப் பிள்ளைகளும்தான். குற்றம் சொல்ல வாய் வராத செலவு. அதனாலேயே இந்தத் திருப்பிவிடல் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்க முடிந்தது.

இதன் கூர்மையான வடிவம் ஓட்டுநர், நடத்துநர்களின் சம்பளச் சீட்டில் இருந்தது. பிடித்தங்கள் என்ற பகுதியில் வரிசையாகத் தலைப்புகள்: வருங்கால வைப்பு நிதி, எல்.ஐ.சி. பிரீமியம், கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்துக் கடன் தவணை. தொழிலாளிக்கு வரவேண்டிய கூலியிலிருந்து இவை மாதாமாதம் கழிக்கப்பட்டன. கழித்த பணம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போவதில் சுணக்கம் வந்தது. முதலில் ஒரு மாதம், பிறகு ஒரு காலாண்டு, பிறகு ஆண்டுகள். சொசைட்டியில் கடன் கேட்டுப் போனால், உங்கள் கழகத்திலிருந்து பிடித்தமே வரவில்லை, நாங்கள் எதை எடுத்துக் கொடுப்பது என்று கை விரித்தார்கள். கடன் வாங்கியவர் தவணை கட்டிவிட்டார், சங்கத்துக்கு அது வந்து சேரவில்லை, வட்டி மட்டும் அவர் பெயரில் ஓடியது. கொங்குப் பக்கம் சீட்டுப் போட்டுப் பழகாத வீடு குறைவு. சீட்டு நடத்துகிறவர் ஏலப் பணத்தை எடுத்துத் தன் தறிக்கு நூல் வாங்கிவிட்டால் ஊர் அவரை என்ன செய்யும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

சட்டமும் இதை மென்மையாகப் பார்க்கவில்லை. 2024 வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 405ஆவது பிரிவு நம்பிக்கை மோசடி பற்றியது. தொழிலாளியின் வைப்பு நிதிப் பங்கைக் கூலியிலிருந்து பிடித்த முதலாளி, அந்தப் பணத்தைத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளாகவே வைத்திருப்பதாகக் கருதப்படுவார், கட்டாமல் விட்டால் அதைக் கையாடியதாகவே கருதப்படுவார் என்று அதற்கு ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. சொந்த அறக்கட்டளை மூலம் வைப்பு நிதி நடத்தி, பொதுத் திட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற நிறுவனங்களுக்கும் அது பொருந்தும் என்று அந்த விளக்கமே சொன்னது. நம் போக்குவரத்துக் கழகங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. அறக்கட்டளையில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. ஆனால் தன் மேலாண் இயக்குநர்மீது காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கப் போகிற அறங்காவலர் யார்? பணிக்கொடை பற்றிய சட்டம் ஓய்வு பெற்ற 30 நாளுக்குள் பணத்தைக் கொடு, தாமதமானால் வட்டியோடு கொடு என்கிறது. ஓய்வு நாளன்று மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் ஆண்டுக்கணக்கில் பணத்துக்காக அலைந்தார்கள்.

எல்.ஐ.சி. விஷயத்தில் ஒரு பழைய தீர்ப்பு ஆறுதல் தரக்கூடியது. டெல்லி மின்வாரியத்தில் பணியாற்றிய ஒருவரின் சம்பளத்திலிருந்து பிரீமியம் பிடித்தார்கள், கட்டவில்லை. அவர் இறந்ததும் பாலிசி காலாவதி என்று பதில் வந்தது. மனைவி பசந்தி தேவி வழக்காடினார். இப்படிச் சம்பளப் பிடித்தத் திட்டத்தில் முதலாளி எல்.ஐ.சி.யின் முகவரைப் போலத்தான் செயல்படுகிறார், அவர் கட்டாதது தொழிலாளியின் குற்றமாகாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு விதவை அத்தனை தூரம் ஏறிப் போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

2018 ஜனவரி 4 மாலை தமிழகம் முழுவதும் அரசுப் பேருந்துகள் ஆங்காங்கே நின்றன. சம்பள உயர்வுக் காரணி 2.57ஆ 2.44ஆ என்பது பேச்சுவார்த்தையின் வெளிப்புறம். உள்ளே புகைந்துகொண்டிருந்தது, தங்களிடம் பிடித்தும் தங்களுக்குத் தராமலும் கழகங்கள் சுமார் 7,000 கோடி ரூபாயைச் செலவழித்துவிட்டன என்று தொழிற்சங்கங்கள் வைத்த குற்றச்சாட்டு. முந்தைய ஆண்டு மே மாத வேலைநிறுத்தத்துக்கும் இதே காரணம்தான் அடியில் கிடந்தது. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியும் போக்குவரத்துத் துறை அமைச்சர் எம்.ஆர்.விஜயபாஸ்கரும் கொங்கு வட்டாரத்துக்காரர்கள். நாட்டார் உறவு இதில் ஒன்றும் உதவவில்லை. பொங்கல் நெருங்கியது. சிங்காநல்லூரில் தென் மாவட்டப் பேருந்துக்குக் காத்திருந்த கூட்டம் தனியார் வண்டிக்காரர்கள் கேட்டதைக் கொடுத்து ஊர் போனது. ஓய்வு பெற்றவர்களின் நிலுவைக்கு 750 கோடி ஒதுக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. ஊதியப் பிரச்சினையை நடுவராக ஓய்வு பெற்ற நீதிபதி இ.பத்மநாபன் பார்த்துக்கொள்வார் என்று உயர் நீதிமன்றம் சொன்னதும் 11ஆம் தேதி இரவு வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது.

அமீனா ஒரு வண்டியை நிறுத்தினார், இழப்பீடு வந்தது. தொழிலாளர்கள் எல்லா வண்டிகளையும் நிறுத்தினார்கள், நிலுவையில் ஒரு பகுதி வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கழகத்தின் கஜானா எந்த விதிப்படி இயங்குகிறது என்பது தெரிந்துவிடும். யாரால் பேருந்தை நிறுத்த முடியுமோ அவருக்கு முதலில் பணம். எண்ணெய் நிறுவனம் டீசலை நிறுத்தினால் அன்றைக்கே வண்டி நிற்கும், ஆகவே அவர்களுக்கு நிலுவை வைப்பதில் ஓர் அளவு உண்டு. டயர்க்காரருக்கும் அப்படியே. பணியில் இருப்பவர் வேலைநிறுத்தம் செய்யலாம். அறுபது வயதைத் தொட்டு, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அன்னூரிலோ அந்தியூரிலோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரால் எதை நிறுத்த முடியும்? அவர் காத்திருப்பார். காத்திருக்கக் கூடியவரே கழகத்துக்கு மலிவான கடன்காரர் ஆனார். வட்டி கேட்காத, ஈடு கேட்காத, தான் கடன் கொடுத்திருப்பதே பல நேரம் தெரியாத கடன்காரர்.

இதைப் பொதுத்துறையின் இயல்பான சீர்கேடு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிற பழக்கம் கோவைக்கு உண்டு. தனியார் பேருந்தின் ஊர் இது. ஜி.டி.நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை வண்டியை ஓட்டத் தொடங்கி, யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக அதை வளர்த்தார். நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் (ஏ.பி.டி.) 1931இல் பொள்ளாச்சியில் பிறந்தது. 1972இல் நாட்டுடைமை வந்தபோது ஏ.பி.டி.யின் வண்டிகளைக் கொண்டுதான் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது; ஈரோட்டுக்கு ஜீவா பின்னால் வந்தது. வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை ஒரு கழகத்துக்கு வைத்ததை ஒட்டி எழுந்த சாதி மோதல்களுக்குப் பிறகு 1997இல் சேரன், ஜீவா, சோழன், பாண்டியன் எல்லாப் பெயர்களும் உதிர்ந்து எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. பழைய ஆட்கள் இன்னும் ‘சேரன் பஸ்’ என்றே சொல்கிறார்கள். கோவை நகரத் தடங்களில் இன்றும் தனியார் டவுன் பஸ் அரசு வண்டிக்கு முன்னும் பின்னுமாக ஓடுகிறது.

முதலாளி நடத்தியபோது கணக்கு ஒழுங்காக இருந்தது, அரசு எடுத்ததும் ஓட்டை விழுந்தது என்ற வாதம் இங்கே எளிதில் எடுபடும். அது பாதி உண்மைகூட இல்லை. தனியார் வண்டி வசூல் உள்ள தடத்தில் ஓடும். தாளவாடி மலையில் இருபது பேருக்காக ஏறி இறங்குவதும், கோத்தகிரிக் கிராமத்தில் இரவு தங்கிக் காலையில் முதல் சிங்கிள் அடிப்பதும் அரசு வண்டியின் வேலை. கட்டணத்தை நிர்ணயிப்பது கழகம் அல்ல, அரசு. 2011 நவம்பரில் ஏற்றியபின் 2018 ஜனவரி 20 வரை கட்டணம் ஏறவில்லை. ஏற்றியதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், சில நாளில் கொஞ்சம் குறைத்தார்கள். அதன்பிறகு டீசல் லிட்டருக்கு 70 ரூபாய்க்குக் கீழே இருந்து 90ஐத் தாண்டிப் போய்விட்டது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி அரசுப் பேருந்து ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 59 ரூபாய் 15 காசு நட்டம். கட்டணத்தைக் குறைவாக வைப்பது ஓர் அரசியல் முடிவு, பல வகையில் நல்ல முடிவும்கூட. அந்த நட்டத்தைக் கருவூலம் அந்தந்த மாதமே முழுதாகக் கொடுத்திருந்தால் யாருடைய வைப்பு நிதியிலும் கை வைக்கத் தேவை வந்திருக்காது. கொடுக்காததால் குறைந்த கட்டணத்தின் விலையை நடத்துநரின் ஓய்வூதியம் கட்டியது. கழகங்களுக்குக் கடன் தரவென்றே 1975இல் தொடங்கிய போக்குவரத்து வளர்ச்சி நிதி நிறுவனம் பொதுமக்களிடம் வைப்பு வாங்கிக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. அங்கே வைப்பு வைத்தவருக்குத் தவணை தேதியும் வட்டி விகிதமும் ரசீதில் உண்டு. தொழிலாளி கொடுத்த கடனுக்கு ரசீது கிடையாது.

இதே நகரில், 2025 அக்டோபர் 9 அன்று, அவினாசி சாலையில் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் உயர்மட்டப் பாலம் திறக்கப்பட்டது. செலவு 1,791 கோடி. பெயர் ஜி.டி.நாயுடு மேம்பாலம். பேருந்துத் தொழிலில் வளர்ந்தவரின் பெயரிலான பாலத்தின் மேல் கார்கள் விரைகின்றன. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகவேண்டிய டவுன் பஸ்ஸுக்கு இடம் பாலத்துக்குக் கீழேதான். பாலம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கட்டுவதற்குப் பணம் கிடைக்கும் வேகத்தில் ஓட்டுவதற்குப் பணம் கிடைப்பதில்லை. கட்டுவதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. வைப்பு நிதியைத் தேதி தவறாமல் கட்டியதற்கு யாரும் ரிப்பன் வெட்டியதில்லை.

மேலே டெல்லிக்குப் போனால் இதே கதை வேறு அளவில். 1927இல் எம்.ஆர்.ஜெயகர் தலைமையில் அமைந்த சாலை வளர்ச்சிக் குழு, பெட்ரோலுக்குக் கூடுதல் வரி போட்டு அதைச் சாலைக்கென்றே ஒதுக்கச் சொன்னது. 1929இல் மத்திய சாலை நிதி பிறந்தது. 2000இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது: டீசல் மேல்வரியில் பாதி கிராமச் சாலைகளுக்கு, மீதியில் தேசிய நெடுஞ்சாலைக்கு இவ்வளவு, மாநிலச் சாலைக்கு இவ்வளவு, ரயில்வே மேம்பாலத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துச் சட்டத்திலேயே எழுதினார்கள். 2018 நிதிச் சட்டத்தில் அந்த நிதியின் பெயரோடு ‘உள்கட்டமைப்பு’ ஒட்டிக்கொண்டது. ஒட்டியதும் மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு, கல்விக்கூடம், மருத்துவமனை எல்லாம் சாலை நிதியின் உறவினர்களாயின. சட்டத்தை மீறாமல் சட்டத்தின் தலைப்பை நீட்டினால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த இன்னொன்று நுட்பமானது. பெட்ரோல், டீசலின் அடிப்படைக் கலால் தீர்வையில் 2 ரூபாயைக் குறைத்தார்கள், 6 ரூபாய் கூடுதல் தீர்வையை எடுத்துவிட்டார்கள், 8 ரூபாய் சாலை மற்றும் உள்கட்டமைப்பு மேல்வரியைப் போட்டார்கள். பம்பில் விலை ஒரு காசு மாறவில்லை. மாறியது பங்கீடு. அடிப்படைத் தீர்வையில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. மேல்வரியில் கிடையாது, அரசியலமைப்பின் 270ஆவது கூறு அதை விலக்கி வைத்திருக்கிறது. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில், அந்த மேல்வரி லிட்டருக்கு 18 ரூபாய் வரை ஏறியது. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்துக் குறைத்துப் பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 2 என்று வந்து நின்றது. சாலையின் பெயரால் வாங்குவதெல்லாம் அந்தந்த நிதிக்குப் போகிறதா என்றால் அதுவும் முழுதாக இல்லை. 2018-19 கணக்கைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையர், 35 வகை மேல்வரிகளிலும் கட்டணங்களிலும் வசூலான 2,74,592 கோடியில் 1,64,322 கோடி மட்டுமே உரிய நிதிகளுக்கு மாற்றப்பட்டது என்று எழுதினார். மீதி இந்தியத் தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டது.

இது புதிய தந்திரமும் அல்ல. இங்கிலாந்தில் மோட்டார் வண்டிக்காரர்களிடம் வாங்கிச் சேர்த்த சாலை நிதியில் 1926இல் கை வைத்தவர் அன்றைய நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். வண்டிக்காரர்கள் கொதித்தார்கள். ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. சாராய வரியைச் சாராயக் கடையைச் செப்பனிட மட்டுமே செலவழிக்க முடியுமா? கார் வைத்திருப்பவர் கட்டிய வரி காருக்கே என்றால், கார் இல்லாதவரின் பள்ளிக்கூடத்துக்கு எங்கிருந்து வரும்? வரி என்பது சட்டமன்றத்தின் பணம். வாகன வரி தமிழகத்திலும் பொதுக் கருவூலத்துக்குத்தான் போகிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பூட்டுப் போட்டால், வெள்ளம் வந்த ஆண்டில் சாவிகளைத் தேடிக்கொண்டிருக்க நேரும். நிதித்துறைச் செயலர்கள் தனி நிதிகளை வெறுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆகவே இங்கே ஒரு கோடு கிழிக்க வேண்டும். பெட்ரோல் மேல்வரி வேறு இடத்துக்குப் போனால் அது வாக்கு தவறிய அரசியல், தேர்தலில் கேட்க வேண்டிய கேள்வி. தொழிலாளியின் கூலியிலிருந்து பிடித்த பணம் ஒருபோதும் அரசின் பணம் ஆகவில்லை. விபத்து நிதியும் அப்படித்தான். காப்பீட்டு விலக்குக்குக் கழகம் கொடுத்த விலை அது, யாரோ ஒருவர் அடிபடும்போது அவருடையதாகப் போகும் பணம். இந்த இரண்டையும் மேல்வரியோடு ஒரே மூட்டையில் கட்டி ‘நிதி நெருக்கடி’ என்று சீட்டு ஒட்டுவதுதான் நம் பொது விவாதத்தில் அடிக்கடி நடக்கிற மோசடி.

பூட்டை அரசியலமைப்பிலேயே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2016இல், போக்குவரத்துக்கென்று வசூலிப்பதைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்ற திருத்தத்துக்கு வாக்காளர்களில் நான்கில் மூவருக்கும் மேல் ஆம் என்றார்கள். கனெக்டிகட்டில் 2018இல் அதைவிடப் பெரிய ஆதரவு. வாளையாறு தாண்டினால் கேரளம் 2016இல் வேறு வகைப் பூட்டுப் போட்டது. வாகன வரியில் படிப்படியாகப் பாதி வரையிலும், பெட்ரோலியப் பொருட்களுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் மேல்வரியும் கிஃப்பி என்ற உள்கட்டமைப்பு நிதிக்கென்று சட்டத்திலேயே எழுதினார்கள். அந்தப் பணத்தில் பாலங்களோடு பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. அதே கேரளத்தில் அரசுப் பேருந்துக் கழகத்தின் ஓய்வூதியர்களுக்கு 2018 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் கூட்டாகச் சேர்ந்து பணம் கொடுக்க, அரசு பிறகு வட்டியோடு அடைக்கும் ஏற்பாடு. வாகன வரிக்கு உறுதியான பெட்டி, வாகனம் ஓட்டியவரின் முதுமைக்குக் கைமாற்று. எதைப் பூட்டுவது என்று தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு மாநிலத்தின் மனம் தெரிந்துவிடுகிறது.

பழனி அடிவாரத்தில் இந்த விஷயத்தை வேறு கோணத்தில் பார்க்கலாம். உண்டியல் பணம் தெய்வத்தின் சொத்து. சட்டத்தின் கண்ணில் தெய்வம் ஒரு நபர், தன் சொத்துக்காக வழக்காடும் உரிமை உடையவர். கோயில் நிதியில் திருமண மண்டபம் கட்ட அனுமதித்த அரசாணைகளை 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. மண்டபம் நல்லதா கெட்டதா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் கேள்வி கேட்க ஆள் இருந்தது, கேட்க ஓர் அமைப்பு இருந்தது. தண்டாயுதபாணிக்கு வக்கீல் உண்டு. நம்பியூர் டிப்போ நடத்துநரின் வைப்பு நிதிக்கு, பணம் போன பிறகும் வக்கீல் இல்லை.

கடந்த சில ஆண்டுகளில் ஒன்று மாறியிருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அந்தச் செலவு கழகத்தின் தலையில் சத்தமில்லாமல் ஏற்றப்படவில்லை. விடியல் பயணம் என்று நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பு, ஆண்டுதோறும் ஒரு தொகை. 2025-26க்கு 3,600 கோடி. தொகை போதுமா, கழகத்துக்கு நேரத்துக்கு வருகிறதா என்று சண்டை போடலாம். சண்டை போட ஓர் எண் வெளியே தெரிகிறது என்பதே முன்னேற்றம். குறைந்த கட்டணமும் மாணவர் பாஸும் மலைத்தடமும் இதே போலப் பெயர் சொல்லி, மாதாமாதம் கருவூலத்தின் கணக்கில் ஏற வேண்டியவை. அது நடக்காத வரை வைப்பு நிதிக்கு எத்தனை சட்டப் பூட்டுகள் இருந்தாலும் ஐந்தரை மணி வண்டி அவற்றைத் திறந்துவிடும்.

பழைய காயம் இன்னும் ஆறவில்லை. ஓய்வூதியர்களின் பஞ்சப்படி 2015 நவம்பரில் நின்ற இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றது. நீதிமன்றப் படிகள் ஏறி இறங்கினார்கள். 2024 ஜனவரி 9 வேலைநிறுத்தத்தின் முன்வரிசைக் கோரிக்கை அதுதான். மறுபடியும் பொங்கல் நேரம், மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுநாளே போராட்டம் ஒத்திவைப்பு. ஆட்சியில் இருந்த கட்சி மட்டும் மாறியிருந்தது. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்கோ 1998இல் தொடங்கிய ஓய்வூதிய அறக்கட்டளையே கிடையாது. அவர்கள் முதுமைக்கென்றும் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கப்படுகிறது. அவர்களில் முதலில் சேர்ந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தொடுகிறார்கள்.

ஒவ்வொரு டிப்போவிலும் ஒரு பலகை இருக்கிறது. நாளை யாருக்கு எந்தத் தடம், எந்த வண்டி என்று அதில்தான் தாள் ஒட்டுவார்கள்; பணிக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்க்காமல் உள்ளே போவதில்லை. போன மாதம் எல்லோரிடமும் பிடித்தது இவ்வளவு, அறக்கட்டளைக்கும் எல்.ஐ.சி.க்கும் சொசைட்டிக்கும் கட்டியது இவ்வளவு, விபத்து நிதியின் இருப்பு இவ்வளவு என்று அதே பலகையில் ஒரு தாள் ஒட்டலாம். இதற்குச் சட்டத் திருத்தமோ, குழுவோ, உலக வங்கிக் கடனோ வேண்டாம். மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் கழகத் தலைமை அலுவலகத்துக் கணினியில் அந்த எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தலைமை அலுவலகம் என்ன மறுப்புச் சொல்லும் என்பதையும் எளிதில் ஊகிக்கலாம்: அப்படி ஒட்டினால் ஆளாளுக்கு அதைப் படம் பிடித்துக்கொண்டு போய் வழக்குப் போட்டுவிடுவார்கள்.